இரண்டு கீதங்களுக்கும் எழுந்தவர்

ஒவ்வொரு சாரல் சீசனுக்கும் குற்றாலம் ஐந்தருவிப் பாதையில் அவரைத் தேடுகிறேன். மங்குஸ்தான் விற்றவர். நெடிய உடம்பு, வெளுத்துப்போன பச்சை ஜெர்சி. ஒவ்வொரு பழத்தையும் பந்து போல விரல்களுக்கிடையே ஒருமுறை சுழற்றிவிட்டுத்தான் பையில் போடுவார்.

கடைசியாகப் பார்த்த அன்று இந்தியாவுக்கும் ஒரு வளைகுடா நாட்டுக்கும் கிரிக்கெட் ஆட்டம். பழக்கூடையில் சாத்தியிருந்த போனில் அந்த நாட்டின் கீதம் தொடங்கியதும், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உதடுகள் கூடவே அசைந்தன. அடுத்து நம் கீதம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

“அவங்க நாட்டுப் பாட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி எந்திரிச்சீங்க?”

“அங்கன கம்பெனி வேலைக்குப் போனவன்லா. அந்த நாட்டு டீம்லயே ஆடுனேன். அங்கன சில வருசம் குடியிருந்தா போதும், நம்ம பாஸ்போர்ட்டோடயே ஆடலாம். மொத ஆட்டத்துல டீம் தொப்பி குடுத்தாங்க. கம்பெனிய மூடுனதும் விசா போச்சு, ஊருக்கு வந்துட்டேன். பாட்டக் கேட்டா காலு தானா எந்திரிக்குது.”

“இன்னைக்கு யாரு ஜெயிக்கணும்?”

ஒரு பழத்தை எடுத்தார். வெகுநேரம் சுழற்றினார்.

“இந்தியாதான் ஜெயிக்கும்” என்றார்.

நான் கேட்டது அதுவல்ல.