இடுப்பு உடைந்தவளுக்கு ஓர் அங்கப்பிரதட்சணம்

போன வருஷம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்கூட்டரில் இருந்து விழுந்து என் இடுப்பெலும்பு உடைந்தது. பூந்தமல்லியில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு நானும் என் வீட்டுக்காரரும் அயனம்பாக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவை கட்டியிருந்ததால் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். குமணன்சாவடி தாண்டி சர்வீஸ் ரோட்டில், வெள்ளைக் கோடு போடாத ஒரு ஸ்பீட் பிரேக்கர். வண்டி ஏறி இறங்கியது. வண்டியும் அவரும் போய்விட்டார்கள். நான் ரோட்டில் கிடந்தேன்.

சீமந்தப் பாயசத்தில் சர்க்கரை போதவில்லை என்று பேசிக்கொண்டே போனவருக்குப் பின்னால் இருந்து பதில் வராதது தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகுதான் யாரோ கத்திச் சொல்லியிருக்கிறார்கள். ஓடிவந்து, "இன்னா தேவகி, ஏன் எறங்கினே?" என்று கேட்டார். அந்த வலியிலும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! எழுந்திருக்கப் பார்த்தேன். இடது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்போதுதான் பயந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், ஆனால் நிதானமாகப் பேசினார். "இடுப்பெலும்பு ஒரு வளையம் மாதிரிம்மா. முன்பக்கம் உடைஞ்சிருக்கு, பின்பக்கமும் ஒரு கீறல் தெரியுது. இப்போதைக்கு விலகலை. அசையாம படுங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே எடுப்போம். விலகியிருந்தா ஆபரேஷன் பண்ணி பிளேட் வைக்கணும்" என்றார்.

எனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலில் செருப்பு கடித்தாலே ஆற மாசக்கணக்கில் ஆகும். என் உடம்பில் ஆபரேஷன் செய்தால் புண் எப்படி ஆறும்? டாக்டருக்கும் அந்தக் கவலை இருந்தது, அவர் முகத்திலேயே தெரிந்தது. எலும்பு விலகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது. ஆனால் அது என் கையில் இல்லையே.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே என் நாத்தனார் கஸ்தூரி வந்து நின்றாள். "அண்ணி, புத்தூர் கட்டு போட்டா எலும்பு சேந்துடும். என் கை சேரல? ஆட்டோவ வாசல்ல நிக்க வெச்சிகீறேன், கெளம்பு."

"கைக்குக் கட்டலாம் கஸ்தூரி. இடுப்புல எங்க கட்டுவாங்க?"

என்னை முறைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு அதே ஆட்டோவில் போனாள். பாசம்தான், வேறென்ன.

நான் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேன். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அப்படிப்பட்டவள் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் "அக்கா, மாவு கீதா?" என்று குரல் வரும். பதில் சொல்ல வாய் வராது, அழுகைதான் வரும். எல்லாவற்றையும்விட, பெட்பேன். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைக்காத மனிதர், அம்பத்தூர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, எனக்குப் பெட்பேன் வைத்து எடுத்தார். முதுகில் புண் வராமல் இருக்க, தொடைகளுக்கு நடுவில் தலையணை வைத்து, பெட்ஷீட்டோடு என்னைப் பிடித்துப் புரட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்படியே படுக்கையோடு போய்விடுவேனோ என்று நினைத்தேன். போய்விட்டாலும் பரவாயில்லை என்றும் நினைத்திருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் எல்லையம்மன் கோயில் அடுத்த தெருவில்தான். காலையில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போது கும்பிட ஆரம்பித்தேன். "தாயே, என் உடம்பில் கத்தி படக்கூடாது. என் காலில் நிற்க வை. வேறொன்றும் கேட்கவில்லை" என்று தினமும் அதையே சொன்னேன். கனவில் அம்மன் வரவில்லை. வேப்பிலை வாசம் வீசவில்லை. மற்றவர்களுக்கு நடந்ததாகப் படித்ததெல்லாம் எனக்கு நடக்கவில்லை. ஆனால் அவளிடம் சொல்லிவிட்ட பிறகு, அசையாமல் கிடக்கப் பொறுமை வந்தது. என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள், அது என் சொந்தப் பொறுமை இல்லை என்பார்கள்.

சித்திரையில் மறுபடி ஆம்புலன்ஸில் தூக்கிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "விலகலைம்மா. ஆபரேஷன் வேணாம். படுத்தபடியே சேர்ந்துடும்" என்றார். நான் வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரரைக் காணோம். வராந்தாவில் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறார், கண் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது ஆம்புலன்ஸிலேயே மெதுவாகச் சொன்னார்: "தேவகி, கோவிச்சுக்காத. அம்மனுக்கு நேர்ந்துக்கினேன். ஆபரேஷன் இல்லாம நீ எழுந்துட்டா, ஆடி மாசம் நீ அங்கப்பிரதட்சணம் பண்ணுவேன்னு."

"நானா? இடுப்பு ஒடஞ்சவ கோயிலச் சுத்தி உருளுவாளா? இன்னா மனுசன்யா நீ!"

"அந்த நேரத்துல வாய்ல அதான் வந்துச்சு."

ஆம்புலன்ஸ் டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்.

பிறகு உட்கார்ந்தேன். வாக்கர் பிடித்து நின்றேன். வைகாசி முழுக்க, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தத்தித் தத்தி நடந்தேன். ஆனியில் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. தடியை விட மட்டும் தைரியம் வரவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது, பயம்தான் போகவில்லை என்றார் டாக்டர்.

ஆடி பிறந்ததும் வேண்டுதல் நெஞ்சை உறுத்தியது. பூசாரியிடம் போய்க் கேட்டோம். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "வேண்டிக்கினது யாரு? நீதானே? அப்ப நீயே உருளு அண்ணாத்தே. வாய் உன்னுது, இடுப்பு மட்டும் அந்தம்மாவுதா?"

கோயிலுக்கு வந்தால் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் என் வீட்டுக்காரர். சட்டை கழற்றி ஊரார் முன்னால் நிற்கவே கூச்சப்படுவார். அந்த ஆடி வெள்ளிக்கிழமை, ஈர வேட்டியோடு, தொப்பையோடு, தரையில் படுத்து உருண்டார். நான் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். கருவறைக்குப் பின்பக்கம் வந்ததும் தலைசுற்றி அப்படியே கிடந்துவிட்டார். "முடியல தேவகி" என்றார். வேட்டி வேறு அவிழ்ந்துகொண்டிருந்தது. சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்து இறுக்கிச் செருகிவிட்டேன். "நான் கூடவே வரேன், நீ உருளு" என்று தோளைப் பிடித்துப் புரட்டிவிட்டேன். அப்படியே புரட்டிப் புரட்டி, அம்மன் முன்னால் கொண்டுவந்து சேர்த்தேன்.

மண்ணும் குங்குமமுமாக எழுந்து உட்கார்ந்தவர் என்னையே பார்த்தார். "தடி எங்க தேவகி?"

என் இரண்டு கையும் காலியாக இருந்தது. தடியை எங்கே விட்டேன் என்றே நினைவில்லை. அம்மன் எதிரில் என் காலில் நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரைக் கேட்டால், இந்த மாதிரி எலும்பு தானாகச் சேரும் என்பார். சரிதான். அந்த இரண்டு வாரமும் விலகாமல் பிடித்துவைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இப்போது மறுபடி மாவு அரைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நடந்தே கோயிலுக்குப் போகிறேன். அவரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நிற்கிறார். அவர் உதடு அசைந்தால்தான் எனக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கிறது.

படுக்கையில் கிடந்துகொண்டு இதைப் படிக்கிற சகோதரிகளே, டாக்டர் சொன்னபடி கேளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மிச்சத்தை அம்மனிடம் விட்டுவிடுங்கள். பெரிய பூஜை வேண்டாம், படுத்தபடியே கூப்பிட்டால் போதும். என்னை அப்படித்தான் எழுப்பினாள்.