கிண்ணம் முங்கும்வரை

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு சாம்பல் செங்கல் பட்டறையில் நாங்கள் ஆறு பெண்கள் வேலை செய்தோம். மிஷின் பக்கம் வாட்ச், போன் எதுவும் கூடாது; காலையிலேயே ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். அந்த விதியோடு எனக்குச் சண்டையில்லை. கடிகாரம் ஆபீஸ் அறைக்குள் இருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி. முடிந்ததும் மேஸ்திரி விசில் ஊதுவார். வரவர, டப்பாவில் பாதிச் சோறு இருக்கும்போதே விசில் கேட்டது. கேட்டால், "கத பேசிகினு துன்னா நேரம் நிக்குமா?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படம் பார்த்தேன். ஏதோ தூர தேசத்து நகரம், அதன் கடைத்தெருவில் இரண்டாயிரம் வருஷப் பழைய கல் கோபுரம். வெளிச்சுவரில் நிழலை வைத்து நேரம் பார்க்கும் கோடுகள், உள்ளே தண்ணீர்க் கடிகாரம். காய் விற்றவளும் அதைப் பார்த்துத்தான் கடை கட்டியிருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. அத்தனை காலத்துக்கு முன்பே தெருவில் நின்ற நேரம், எங்களுக்கு மட்டும் ஏன் அறைக்குள்?

நம் ஊரிலும் ஓட்டைக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது முங்கும் நேரத்தை வைத்து நாழிகை பார்த்தார்கள் என்று அதே புத்தகத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து அலுமினியக் கிண்ணத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். சீக்கிரமே முங்கிவிட்டது. ஓட்டையை மெழுகால் அடைத்து, ஊசியால் குத்தி, போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். ஒரு வாரத்தில் சரியாக அரை மணிக்கு முங்கியது.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்ததும் பக்கெட் தண்ணீரில் அதை மிதக்கவிட்டேன். விசில் வந்தபோது கிண்ணத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

"யாரும் எழுந்துக்காதீங்க" என்றேன்.

மேஸ்திரி வந்தார். "இன்னாம்மா இது?"

"அரை மணிங்க. இன்னும் முங்கல."

பக்கெட்டை எட்டி உதைத்தார். தண்ணீர் எங்கள் புடவையெல்லாம் தெறித்தது. ஒருத்தியும் எழவில்லை. மென்று, விழுங்கி, கைகழுவிய பிறகுதான் எழுந்தோம்.

அடுத்த நாள் ஐந்து பேரும் ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவந்து, என்னிடம் ஓட்டை போடச் சொன்னார்கள். மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார். அன்று விசில் தாமதமாக வந்தது. அதற்குள் என் கிண்ணம் முங்கியிருந்தது.

அந்த ஆத்திரத்தில் ஒரு மாதம் என்னை மட்டும் சிமெண்ட் மூட்டை சுமக்கப் போட்டார். சுமந்தேன். சாப்பாட்டு வேளையில் மட்டும், அரை மணியும் முழுசாக, காலை நீட்டி உட்கார்ந்தேன்.