பச்சை லாரியில் போன எஞ்சின்

பர்மிய ஊரான இன்சீனில் மார்க்கெட்டுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிப் போகும் சந்தில் சத்யபாமாவின் கடை இருக்கிறது. வண்டி சீட் தைப்பது அவள் தொழில். பஸ், டாக்ஸி, மீன் ஏற்றுகிற வேன், எது வந்து நின்றாலும் கிழிந்த சீட்டைக் கழற்றிப் பஞ்சு மாற்றி, ரெக்சினை இழுத்துத் தைத்து அனுப்புவாள். கணவன் ரமணன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். வீட்டில் அவளும் ரமணனின் தங்கை மாலாவும்தான். மாலாவுக்குக் கியாக்டடாவில் ஒரு வங்கிக் கவுன்டரில் வேலை. அவள் பேச்சில் பாதி பர்மியம், மீதியில் பெரும்பகுதி குறை.

சீட்டில் புது மாதிரித் தையல் பார்க்கலாம் என்றுதான் சத்யபாமா போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். யாரோ ஓர் அமெரிக்கன் சிவப்புத் தோலில் டைமண்ட் டைமண்டாகத் தையல் போட்டுக் காட்டினான். தைத்து முடித்ததும் கேமரா பின்னால் நகர்ந்தது. அப்போதுதான் அந்த சீட் இருந்த வண்டி முழுசாகத் தெரிந்தது. அவள் அப்பாவை விடவும் வயதான வண்டி. மட்கார்டு கிடையாது, பானெட் கிடையாது; முன்னால் எஞ்சின் வெட்டவெளியில் மினுங்கியது. கூரையை வெட்டித் தாழ்த்தி, உடம்பைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கியிருந்தார்கள். ஹாட் ராட் என்று கீழே எழுதியிருந்தது. அவன் சாவியைத் திருப்பினான். அந்தச் சத்தத்தை அன்று சாயங்காலம் முழுக்க அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

மாலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, அண்ணன் கப்பல்ல இருந்து பேசுதா?"

சீட்டைப் பார்க்கப் போனவள் வண்டியில் விழுந்துவிட்டாள். ஆயிரம் வண்டிக்கு சீட் தைத்தவளுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சில மாதங்கள் கழித்து மோபியில் ஒரு அரிசி மில்லுக்கு வேலையாகப் போனாள். மில்லின் பின்பக்கம் கோழிகள் அடைகிற ஒரு இரும்புக் கூண்டு கிடந்தது. குனிந்து பார்த்தால் அது கூண்டே இல்லை. பழைய ஃபோர்டு பிக்கப்பின் முன்பகுதி. துரு ஏறியிருந்தாலும் கதவின் வளைவு அப்படியே இருந்தது. அது வேண்டும் என்று அவள் கேட்டதும் மில் முதலாளி பழனியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கோழியோட வேணுமா, கோழி இல்லாம வேணுமாம்மா?"

"கோழியை நீங்களே வச்சுக்குங்க. அந்த ஷெட்டுல ஓரமா எடம் மட்டும் கொடுங்க."

அவர் இடம் கொடுத்தார். பபேடானில் வெல்டிங் கடை வைத்திருந்த ஜாபிர் வந்து பார்த்தார். ஐம்பது வயது மனிதர், எதையும் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். தட்டிப் பார்த்துவிட்டு, "தாங்கும் தங்கச்சி" என்றார். அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் துருவைச் சுரண்டினார்கள், ஓட்டையை அடைத்தார்கள், கூரையைத் தாழ்த்தினார்கள். கீழே புதிதாகச் சட்டம் கட்டினார்கள். எஞ்சின் மட்டும்தான் பாக்கி.

ஏதாவது ஒரு ஜப்பான் எஞ்சினைப் போட்டுவிடலாம் என்று ஜாபிர் சொன்னார். சத்யபாமா கேட்கவில்லை. உலகச் சண்டைக் காலத்து ஃபோர்டு லாரிகளில் வந்த எட்டு சிலிண்டர் வி-எய்ட்தான் வேண்டும் என்று நின்றாள். விசாரித்து விசாரித்து, மேமியோவில் ஒரு பூந்தோட்டத்தில் அப்படியொரு எஞ்சின் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. தோட்டக்காரர் ஊ தெய்ன் போனில், "மகன் கரண்ட் மோட்டார் வாங்கிட்டான். வந்து எடுத்துக்கங்க" என்று பர்மியத்தில் சொன்னார்.

2019 பிப்ரவரியில் கிளம்பினார்கள். வண்டி ஜாபிருடைய பழைய பிக்கப். முன்னால் அவரே கம்பி வளைத்து வெல்ட் செய்த தடித்த இரும்புக் காப்பு. மாலா லீவு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

"உனக்கென்ன வேலை அங்க?" என்று கேட்டாள் சத்யபாமா.

"மேமியோவில இப்ப ஸ்ட்ராபெர்ரி சீசன். நீங்க இரும்பைப் பாருங்க, நான் பழத்தைப் பார்க்கறேன்."

புது நெடுஞ்சாலையில் போயிருந்தால் அன்றைக்கே மண்டலே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர்கள் பெகு, டவுங்கூ வழியாகப் பழைய ரோட்டைப் பிடித்தார்கள். டவுங்கூவில் ஓட்டத்தை நிறுத்திவிட்ட ஒரு பஸ்ஸின் ஹெட்லைட்டுகள் காத்திருந்தன. சாப்பாட்டுத் தட்டு அகலம், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மாலா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தாவணி முனையால் துடைத்துக்கொண்டே வந்தாள். மெய்த்திலாவில் ஒரு லேத் பட்டறையில் பின் சக்கரத்துக்கு அகலமான ரிம்கள் கிடைத்தன. பட்டறைக்காரர் ஹாட் ராட் படத்தைப் போனில் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். லெப்பெயே என்கிற பால் டீ வாங்கிக் கொடுத்து, ரேடியேட்டருக்கு ஒரு மூடியையும் சும்மா கையில் திணித்தார். இப்படியே ஒவ்வொரு ஊரிலும் நேரம் போனது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பிந்தித்தான் மேமியோ மலை ஏறினார்கள்.

தோட்டத்தில் ஊ தெய்ன் இல்லை; மடாலயத்துக்குப் போயிருந்தார். கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசிய மருமகள்தான் வந்தாள். எஞ்சின் என்றதும் அவள் முகம் மாறியது.

"நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன். இப்பத்தான் பழைய இரும்பு லாரியில ஏத்தி அனுப்பினேன்."

கிணற்றடியில் எண்ணெய் ஊறிக் கறுத்த சிமென்ட் மேடையும், முறுக்கிக் கழற்றிய போல்ட்டுகளும் மட்டும் இருந்தன. சத்யபாமா குனிந்து ஒரு போல்ட்டைக் கையில் எடுத்தாள். ஜாபிர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாலா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"இப்பன்னா எப்ப?"

"நீங்க வர்ற வழியில எதிர்லயே போயிருக்கும். பச்சை லாரி. பின்னால மயில் படம் போட்டிருக்கும். மண்டலேயில உருக்குற பட்டறைக்குப் போகுது."

ஜாபிர் டிரைவர் கதவைத் திறக்கப் போனார். மாலா குறுக்கே வந்தாள். "பாய், நீங்க ஓட்டினா அந்த எஞ்சின் உருகி, கம்பியாகி, யாரோ வீட்டு மாடிக்குள்ள போயிடும். அண்ணி ஓட்டட்டும், கடைக்கு வர்ற வண்டியெல்லாம் ஓட்டிப் பழகினவங்க."

அவருக்கும் அது தெரியும். சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினார்.

அந்த நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டி வழி இருக்கிறதா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மலையிறக்கம், வளைவுக்கு மேல் வளைவு, காய்கறி லாரிகளின் வரிசை. சில இடங்களில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் ஒரே பாதையில். மாலா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"போலாம், அண்ணி. போ, போ. பஸ் வருது, உள்ள வா. இப்ப போ."

இத்தனை வருஷமாக அவள் சொன்ன எதையும் சத்யபாமா இப்படி மறுபேச்சில்லாமல் கேட்டதில்லை. போ என்றால் போனாள், நில் என்றால் நின்றாள். முட்டைக்கோஸ் லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஜாபிர் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் கீழே, மரங்களின் இடையில், பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று ஊர்ந்தது.

"மயில் இருக்கா?" என்றாள் சத்யபாமா.

மாலா கண்ணை இடுக்கினாள். "இருக்கு. வாலை விரிச்சுக்கிட்டு இருக்கு."

மலை நடுவில் ஒரு சிற்றூர். இறங்கும் லாரிகள் பிரேக் சூடு ஆறத் தண்ணீர் அடிக்க அங்கே நிற்கும். பச்சை லாரியும் நின்றது. சத்யபாமா அதன் முன்னால் போய்க் குறுக்கே பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். லாரியின் பின்னால், வளைந்த தகரங்களுக்கும் உடைந்த தையல் மெஷின்களுக்கும் நடுவில், அது இருந்தது. இரண்டு பக்கமும் சரிந்த நாலு நாலு சிலிண்டர். மேலே சேறும் எண்ணெயும் கட்டி. அவள் லாரியின் மேலேறி அதன்மேல் கை வைத்தாள்.

லாரிக்காரர் பாலா கையில் தண்ணீர்க் குழாயோடு வந்தார். மண்டலேயில் பிறந்த தமிழர். தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில்தான் வரும். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கொடுக்க முடியாது. எடை போட்டுப் பட்டறைக்குப் போன்ல சொல்லியாச்சு. அந்த எடைக்கு அங்க இரும்பு இறங்கணும். குறைஞ்சா நான் வழியில வித்துட்டேன்னுதான் சொல்லுவாங்க."

சத்யபாமா லாரியிலிருந்து இறங்கவில்லை. "அவங்களுக்கு வேண்டியது எஞ்சினா, எடையா?"

"எடைதான். எல்லாம் உலையிலதானே போகப் போகுது."

"அப்ப இதே எடைக்கு வேற இரும்பு கொடுத்தா?"

பாலா குழாயை மூடினார். "கொடுத்தா எனக்கென்ன. ஆனா நூற்றறுபது வீசை, கால் டன் இருக்கும் இது. பிரேக் ஆறுற வரைக்கும்தான் நிப்பேன். பொழுது சாயறதுக்குள்ள நான் பட்டறையில இருக்கணும்."

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லும்போது மாலாவுக்கு இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. ரோட்டோரத்தில் ஒரு பிரேக் கடை. அதன் பின்னால் தேய்ந்த பிரேக் டிரம்கள் குவிந்து கிடந்தன. கடைக்காரி டாவ் கின்னிடம் ஜாபிர் பேச்சுக் கொடுத்தார். அவள் முதலில் நம்பவில்லை. போனில் படத்தைக் காட்டியதும், "இந்த வண்டியையா நீங்க செய்யறீங்க?" என்று கேட்டு, கடைப் பையன்களை அதட்டி டிரம்களை உருட்டிவிடச் சொன்னாள். முட்டைக்கோஸ் எடை போடுகிற பெரிய தராசை ஒருவர் இழுத்து வந்து வைத்தார். ஒவ்வொரு டிரம்மும் ஏறும்போது சுற்றி நின்றவர்கள் எடையைக் கூவினார்கள். பாதிக்கு மேல் வந்ததும் டிரம்கள் தீர்ந்துவிட்டன.

மாலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனாள். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து வருஷக்கணக்காக ஆட்களிடம் பேசிய வாய் அங்கே உதவியது. திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. ஒருவர் தோளில் மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை. இரண்டு பெண்கள் ஒரு அடிபம்பைத் தூக்கி வந்தார்கள். கரும்பு பிழியும் இயந்திரத்தின் உடைந்த உருளை ஒன்று கட்டைவண்டியில் வந்தது. அதைக் கண்டதும் ஜாபிர் கை தட்டிவிட்டார். எல்லாம் தராசில் ஏறியது. பாலா குனிந்து பார்த்தார்.

"இன்னும் பதினைஞ்சு வீசை."

ஊரில் இனி எதுவும் இல்லை. பாலா லாரியின் முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடு ஆறிவிட்டது. சத்யபாமா மெய்த்திலாவில் வாங்கிய ரிம்களை நோக்கி நடந்தாள். ஜாபிர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் பிக்கப்பின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"பாய், வேணாம். அது நீங்க ஆசையா செஞ்சது."

"செஞ்சவனுக்குத்தானே மறுபடி செய்யத் தெரியும் தங்கச்சி. அந்தப் பக்கத்து நட்டைப் பிடி."

இரும்புக் காப்பு கழன்று வந்து தராசில் உட்கார்ந்தது. முள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. சுற்றி நின்றவர்கள் கத்திய கத்தலில் மேலே ரோட்டில் போன பஸ் வேகம் குறைந்து, ஆட்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பாலா லாரியின் பின் கதவைத் திறந்தார். பத்துப் பதினைந்து பேர் கயிறு போட்டு, பலகை சாய்த்து எஞ்சினை இறக்கிப் பிக்கப்பில் ஏற்றினார்கள். போகும்போது அவர் முதல் தடவையாகத் தமிழில் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார்.

"ஓடுனா... வீடியோ... அனுப்பு, அக்கா."

ஸ்ட்ராபெர்ரி வாங்க மறந்துபோனது மெய்த்திலா தாண்டித்தான் மாலாவுக்கு நினைவு வந்தது.

எஞ்சினைத் திறந்தபோது தண்ணீர் ஓடும் பாதைகளில் மேமியோ சேறு கெட்டித்துக் கிடந்தது. இரண்டு வால்வுகள் இறுகிப் போயிருந்தன. ஆனால் பிளாக்கில் விரிசல் இல்லை. ஜாபிரும் அவளும் மழைக்காலம் முழுவதும் அதோடு மல்லுக்கு நின்றார்கள். கிடைக்காத கேஸ்கெட்டைச் செப்புத் தகட்டில் சத்யபாமாவே வெட்டினாள். ரெக்சின் வெட்டிப் பழகிய கை. சீட்டை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டு, சிவப்புத் தோலில், அவசரமில்லாமல் தைத்தாள்.

தடிஞ்சுட் விளக்குத் திருவிழாவுக்கு ரமணன் கப்பலிலிருந்து வந்திருந்தான். எல்லோரும் மோபி மில்லில் கூடினார்கள். இப்படி மாற்றிக் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது. பழனியப்பன் நெல் காயவைக்கும் பெரிய களத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். சத்யபாமா ஏறி உட்கார்ந்து முதல் தடவை சாவி திருப்பியதும் புகைதான் வந்தது. இரண்டாவது தடவை ஒரு வெடி. மூன்றாவது தடவை அது பிடித்துக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த உறுமல், போனில் கேட்டதுபோலவே இல்லை. அதைவிடக் கரகரப்பாக, அதைவிடப் பெரிதாக இருந்தது. மில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஜாபிர் காதைப் பொத்திக்கொள்ளாமல் தலையைச் சாய்த்துக் கேட்டார். மாலா போனைத் தூக்கிப் பிடித்துப் பாலாவுக்காகப் படம் எடுத்தாள். வண்டியையே பார்த்துக்கொண்டு எடுத்ததில் அதில் பாதி வானம்தான் பதிந்தது.

"நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?" என்று ரமணன் கத்தினான்.

சத்யபாமாவுக்குக் கேட்டதோ இல்லையோ, அவள் கியரை மாற்றினாள். வண்டி களத்தின் அந்தக் கோடிக்குப் போய், உமியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. ரமணன் கையைக் காட்டி வழியில் நின்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு இன்னொரு ரவுண்டு போனாள்.