டிலானியின் பனைக்காகப் பகேரியா போன சனிக்கிழமை

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பலர் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் டென்மார்க்கிலும் இருக்கிறீர்கள். பனி கொட்டுகிற ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பனை நின்றால் எப்படியிருக்கும் என்று உங்களில் சிலராவது யோசித்திருப்பீர்கள். அதை வாங்குவதற்கென்றே சிசிலிக்கு வந்த ஒருத்தியோடு நான் ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். 1999ஆம் ஆண்டு, குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள். அதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

டிலானி என் சின்னம்மாவின் மகள். என்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். அதற்காக அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா ஒவ்வொரு தடவையும் கண்ணைக் காட்டுவார். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர்கள் இருப்பது வட ஜேர்மனியில். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்தில் டிலானிக்கென்று ஒரு மூலை. நாங்கள் சிசிலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், நான்காம் மாடியில் இருக்கிறோம். எங்கள் பல்கனியில் காஸ் சிலிண்டரும் உடுப்புக் காயப்போடும் கம்பியும் அப்பாவின் ஓடாத சைக்கிளும் இருக்கின்றன.

டிலானியிடம் முன்பு ஒரு பனை இருந்தது. இரண்டு குளிர்காலம் அதைக் காப்பாற்றினாள். அந்தப் படங்கள் எங்கள் சொந்தக்காரர் எல்லார் வீட்டுக்கும் தபாலில் வந்தன. பனையைச் சுற்றி நான்கு தடி நட்டு, வெள்ளைத் துணி சுற்றி, உள்ளே வைக்கோல் அடைத்து, நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரத்தில் போடுகிற சின்ன மின்குமிழ் மாலையையும் உள்ளே விட்டிருந்தாள். குமிழ்கள் எரியும்போது வரும் கொஞ்சச் சூடே போதுமாம். மேலே மழை படாமல் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு. குளிரைவிட ஈரம்தான் பனைக்கு எதிரி என்று தொலைபேசியில் என் அப்பாவுக்கே பாடம் எடுத்தாள். அப்பா அதை ஒரு கிழமையாக ஆட்களிடம் சொல்லித் திரிந்தார். நான் இத்தாலிய மொழியில் முதல் புள்ளி எடுத்த செய்தி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அந்தப் பனை போன வருடம் வைகாசியில் செத்துப்போனது. நடுக்குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டதாம், அடியில் அழுகல் மணமாம். டிலானியின் அப்பா, என் சித்தப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம், அதுவும் செத்தால் அந்த மூலைக்குக் கல் பதித்துக் கார் நிறுத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரே ஒரு தடவைக்காகத்தான் டிலானியும் சின்னம்மாவும் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இத்தாலியன் தெரியாததால் நான் மொழிபெயர்ப்பாளர்.

மரம் விற்கும் நாற்றுத் தோட்டம் பக்கத்து ஊரான பகேரியாவில். போகும் வழி இலகு. சீசாவிலிருந்து பஸ்ஸில் பொலிதேயாமா சதுக்கம், அங்கே இறங்கி ரயில் நிலையத்துக்கு இன்னொரு பஸ். ஆயிரத்து ஐந்நூறு லீரா ரிக்கெற் ஒன்று இரண்டுக்கும் போதும். நிலையத்திலிருந்து பகேரியா பதினான்கு கிலோமீற்றர், கால் மணித்தியாலம். ரயில் ரிக்கெற்றை ஏறுவதற்கு முன் மேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். சின்னம்மா, தான் ஜேர்மனியில் இருந்து வந்தவர் என்பதால் தன்னை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்றார். நான் வாங்கிக் குத்திக் கொடுத்தேன்.

ஜன்னலோரம் டிலானி இருந்தாள். ஒவ்வொரு வீட்டு மதிலுக்கு மேலாலும் பனை எட்டிப் பார்க்க, அவள் எண்ணத் தொடங்கி, பிறகு களைத்து விட்டுவிட்டாள்.

"இந்தப் பனையளுக்குக் குளிருக்கு ஒண்டும் சுத்தத் தேவையில்லையோ?" என்று கேட்டாள்.

"ஒண்டும் தேவையில்லை."

"அப்ப நீங்கள் மரத்துக்கு என்ன செய்யிறனீங்கள்?"

"பாக்கிறனாங்கள்," என்றேன்.

பகேரியா நிலையத்திலிருந்து பழைய மாளிகை மதில்களை ஒட்டி இருபது நிமிடம் நடந்தால் நாற்றுத் தோட்டம் வரும். கடைக்காரர் வாயில் பல்குச்சியோடு இருந்தார். ஜேர்மனி என்றதும் கதவு உயரமான ஒரு ஈச்சம்பனையைக் காட்டி, வீட்டுக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் நூறு வருடம் நிற்கும் என்றார். டிலானி சிரிக்கவே இல்லை. மலைப்பாறைகளில் தானாக முளைக்கிற குட்டைப் பனையைப் பார்த்தாள். இங்கே அதை ஜும்மாரா என்பார்கள். சிசிலியின் சொந்த மரம். சின்னம்மாவுக்கு அதுதான் பிடித்தது.

"பாரடி, எங்கடை ஊர் வடலிப்பனை மாதிரியே கிடக்கு! இதை எடு."

"அம்மா, இது காய்ஞ்ச குளிரைத் தாங்கும். எங்கடை மழையிலை அழுகிப்போகும்," என்று டிலானி நகர்ந்துவிட்டாள். தண்டு முழுக்கத் தும்பு சுற்றியிருந்த சீனப் பனைகள் நின்ற வரிசைக்குப் போய்க் குந்தினாள். அவள் தேடி வந்தது அது. ஒவ்வொன்றின் குருத்தையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பார்த்தாள். சட்டியின் அடியில் தண்ணீர் வடிகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பல் வைத்தியர் மாதிரி. கடைசியில் கிழியாத ஓலைகளோடு பளபளவென்று நின்ற ஒன்றைத் தூக்கினாள். இடுப்பளவு உயரம்.

அப்போது கடைக்காரர் என்னிடம் சொன்னார்: அது போன கிழமை வரைக்கும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நின்றது, அழகாகத்தான் இருக்கும், உண்மையாகக் குளிருக்குக் கொண்டுபோவதென்றால் அதோ மதிலோரம் மாரி முழுக்க வெளியே நின்றதை எடுக்கச் சொல், ஓலை கிழிந்திருப்பதால் யாரும் அதை வாங்குகிறார்கள் இல்லை.

"என்ன சொல்லுறார்?" டிலானி என்னைப் பார்த்தாள்.

சொல்லாமல் விட்டால் அவள் அழகானதைக் கொண்டுபோவாள். அடுத்த மாரியில் அதுவும் சாகும். சித்தப்பா கல் பதிப்பார். பிறகு படங்கள் வராது. இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிய ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் எடுத்தது. பிறகு கசாயம் குடிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மதிலோரம் போய், கிழிந்ததைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உன்னாலைதான் இது கிடைச்சது," என்றாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது பொலிதேயாமாவில் பஸ் மாறவேண்டியிருந்தது. அங்கே ஒரு கோயில் படியில் இரண்டு பெண்கள் மஞ்சள் வெளுப்பான குருத்தோலைகளைப் பின்னி, சிலுவையும் ரோசாப்பூவும் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இங்கே குருத்தோலை ஞாயிறுக்கு முன் எல்லாக் கோயில் வாசலிலும் இதைக் காணலாம். சின்னம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதெல்லாம் எனக்கும் தெரியும்! போன வருசம் எங்கடை தமிழ்ச் சனம் முழுக்க நான் பின்னின சிலுவையோடைதான் பூசைக்கு வந்தது. பங்குச் சுவாமி பாத்திட்டு, எங்கையிருந்து குருத்தோலை எண்டு அதிசயப்பட்டுப் போனார்."

டிலானி சட்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கையிருந்து?"

"எங்கையிருந்தோ? எங்கடை மரத்திலையிருந்துதான்."

"குருத்தையோ வெட்டினீங்கள்?"

"பின்னை? முத்தின ஓலையிலை சிலுவை பின்னேலுமே? ஒண்டே ஒண்டு. அடியோடை வடிவா வெட்டினன். நீ அப்ப பள்ளிக்கூடச் சுற்றுலாவிலை."

"அதுக்குள்ளை மழை போயிருக்கு. அதுதான் அழுகினது. குளிர் இல்லை. நீங்கள்!"

"என்னடி விசர்க்கதை கதைக்கிறாய். ஊரிலை வருசாவருசம் பனங்குருத்து வெட்டுறனாங்கள். எந்தப் பனை செத்தது?"

"அது வெய்யில்! அது வளந்த பனை!"

"பின்னை நான் என்னத்தைக் கொண்டு போறது? அங்கை சனம் குருத்தோலைக்குப் பதிலாப் பூனைவால் மாதிரிப் பஞ்சுமொட்டு வைச்ச ஒரு கொப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. யேசுநாதர் எருசலேமுக்குள்ளை வரேக்கை பூனைவாலே ஆட்டினவை?"

ஓலை பின்னிய பெண்கள் வேலையை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். சின்னம்மா ஒன்றும் கெட்டதாகச் செய்யவில்லை. பிறந்த நாள் முதல் கண்டதைச் செய்தார். ஆனால் அந்த மரத்துக்கு இருந்ததே ஒரு குருத்து.

டிலானி அழவில்லை. சட்டியை என் பக்கம் தள்ளினாள். "நீயே வைச்சிரு. நான் கொண்டுபோனா வாற வருசமும் அம்மா வெட்டுவா. செத்தா அப்பா கல் பதிப்பார். இது இஞ்சையே நிக்கட்டும்."

வேண்டாம் என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. பஸ்ஸில் சீசா வரைக்கும் சட்டி என் மடியில் இருந்தது. கிழிந்த ஓலை கழுத்தில் குத்திக்கொண்டே வந்தது. சைக்கிளை அப்பாவைக் கொண்டு தூக்க வைத்து, பனையைப் பல்கனியில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். பிறகு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலேர்மோ வெயில், பலேர்மோக் காற்று. எதையும் சுற்றத் தேவையில்லை. வைக்கோல் வேண்டாம், மின்குமிழ் வேண்டாம். நான் இரண்டு மாதம் எங்காவது போனாலும் கீழ்வீட்டு இத்தாலிய அம்மா மேலே வந்து தண்ணீர் தெளித்தால் அது நிற்கும். நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டது பனைக்கு இல்லை என்று அப்போதுதான் பிடிபட்டது. டிலானி இல்லாவிட்டால் செத்துப்போகிற ஒன்று டிலானியிடம் இருந்தது. அதை அவள் என் மடியில் வைத்தாலும் எனக்கு வந்து சேரவில்லை.

அடுத்த நாள் பூசை முடிய, எங்கள் கோயில் முற்றத்தில் மிஞ்சிய குருத்தோலை ஒரு கட்டு அப்படியே கிடந்தது. யாரும் கேட்காமலே என் வாய் திறந்துவிட்டது.

"சின்னம்மா, எத்தினை குடும்பத்துக்குச் சிலுவை வேணும்?"

"பதினாலு. ஏனடி?"

"நான் இஞ்சையிருந்து பின்னித் தபாலிலை அனுப்பிறன். வருசாவருசம். நீங்கள் மரத்திலை கத்தி வைக்கக்கூடாது."

சின்னம்மா யோசித்தார். "நேரத்துக்கு வருமோ? இத்தாலித் தபால்."

"தவக்காலம் தொடங்கேக்கையே, நாப்பது நாளுக்கு முன்னமே போடுறன். காய்ஞ்சாலும் பறவாயில்லை, பின்னினது பின்னினதுதான்."

"அப்ப ஒரு பெரிய சிலுவையும் சேர்த்து அனுப்பு. சுவாமிக்கு," என்றார். மாதா சொரூபத்துக்கு முன்னால் நின்று, இனி வெட்டமாட்டேன் என்று டிலானிக்கு வாக்கும் கொடுத்தார். டிலானி என்னைக் கட்டிப் பிடித்தாள். திங்கட்கிழமை பனை ரயில் ஏறியது. அப்பா சைக்கிளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

இனி, வர நினைக்கிறவர்களுக்கு. வந்த கையோடு மரத்தை நிலத்தில் நடாதீர்கள். வைகாசி வரைக்கும் இரவில் உள்ளே எடுங்கள். டிலானி அப்படித்தான் செய்தாள். நடும்போது குழிக்குக் கீழே சரளைக்கல் போடுங்கள், தண்ணீர் வடியவேண்டும். சுவருக்குத் தெற்குப் பக்கம் நல்லது. குளிர்காலத்தில் சுற்றினால் வெயில் நாட்களில் துணியை அவிழ்த்துக் காற்றுப்பட விடுங்கள். குருத்தை இழுத்துப் பார்க்கலாம், வெட்டக்கூடாது. பகேரியாவுக்குக் காலையிலேயே போங்கள். மத்தியானம் நாற்றுத் தோட்டம் பூட்டிவிடும். வளைந்த, கிழிந்த, வெளியில் நின்ற மரத்தைக் கேளுங்கள். ரயிலில் கொண்டுபோவதென்றால் ஓலைகளை மேலே சேர்த்துக் கட்டி ஒரு பழைய தலையணை உறைக்குள் விட்டால் ஆட்களின் கண்ணில் குத்தாது. வீட்டில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இருந்தால், வாங்குவதற்கு முன்பே குருத்தோலை எங்கிருந்து வரும் என்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது மார்கழி. நேற்று டிலானியின் படம் வந்தது. முழங்காலளவு பனி, வெள்ளைத் துணி, உள்ளே மஞ்சளாகக் குமிழ்கள். பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு அவள். படம் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறது. அப்பா அதைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவிட்டு, "பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி பார்," என்றார். நான் அதற்குக் கீழே இருந்து, வீட்டில் கிடந்த பழைய ஓலைத் துண்டில் சிலுவை பின்னிப் பழகிக்கொண்டிருந்தேன். பதினான்கும் ஒன்றும் பதினைந்து. மூலை மடிப்பு இன்னும் சரியாக வருகிறது இல்லை. வராவிட்டால் சின்னம்மா திரும்பக் கத்தி எடுப்பார், அவளுடைய பனை செத்துப்போகும்.