மகளுக்குக் கொடுத்த வீடு

எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுப்பது வாப்பாவின் கடமை. மருமகன் அங்கேதான் வந்து வாழ்வார். கல்முனைக்குடிக் கடற்கரையில் நான் கட்டிய வீட்டின் அத்திவாரத்தை, பின்னாலிருந்த மணல்மேட்டை வெட்டித்தான் நிரப்பினேன். அப்படிப்பட்ட மேடுகளே கடலைத் தடுக்கின்றன என்று பள்ளியில் புவியியல் படிப்பித்தவன் நான்.

"படிப்பிக்கிறது ஒண்டு, செய்யிறது ஒண்டா?" என்றாள் மனைவி.

"எல்லாரும்தானே அள்ளுறாங்க" என்றேன்.

கடலோ ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்தது. போன மாரி மழையில், வீட்டின் பின்பக்கம் சமைக்கிற குசினியை இடித்துக்கொண்டு போனது.

மகள் குடும்பத்தோடு வெளியூர் வாடகை வீட்டுக்குப் புறப்பட்டாள். நான் பழக்கத்தில் முன்கதவைப் பூட்டினேன்.

"பின்பக்கம் கடல்தானே வாப்பா, ஆருக்குப் பூட்டுறீங்க?" என்றாள். இடுப்பிலிருந்த பெண்குழந்தையைக் காட்டி, "இவளுக்கு நான் எங்க வீடு கட்டுறது?" என்றும் கேட்டாள்.

மேடு இருந்தாலும் கடல் ஒருநாள் வந்திருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். அதற்கு வழி வெட்டிக்கொடுத்தவன் நான்.