திரும்பியிருந்த சந்தனக் கோடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம். சித்தேரி மலையில் புளி உலுக்கி முடித்து, மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்த நேரம். அரூர் பக்கம் எங்கள் ஊர். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். மலைக் கிராமங்களில் புளியும் சாமையும் ஏற்றி வந்து அரூரில் இறக்குவதுதான் பிழைப்பு.

வண்டியோடு வந்த டயர் அந்தப் பாதைக்குத் தாங்கவில்லை. ஒரே வருடத்தில் மூன்று முறை வெடித்தது. போதுமடா சாமி என்று, லாரிக்குப் போடுவது போன்ற கெட்டி டயரும் அதை மாட்டும் பெரிய இரும்பு டிஸ்க்கும் நான்கு சக்கரத்துக்கும் மாற்றினேன். வண்டி நாலு விரல் உயர்ந்து நின்றது. எனக்கோ தலைக்கனம் ஒரு முழம் உயர்ந்துவிட்டது. டீக்கடை எதிரில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, யாராவது டயரைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

டயர் மாற்றிக்கொண்டு கிளம்பும்போதே கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார்.

"புது டிஸ்க்குங்க. அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் நட்டு லேசா எளகும். ஒருக்கா கொண்டாந்து முடுக்கிட்டுப் போயிருங்க."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையில் வண்டிக்குப் பூஜை. என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ஒவ்வொரு நட்டின் நடுவிலிருந்தும் டிஸ்க் வரைக்கும் சந்தனத்தை ஒரு கோடாக இழுத்து, மேலே குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு ஆறு நட்டு, மொத்தம் இருபத்து நாலு கோடு. பார்க்கவே கண் நிறைந்தது. அன்றைக்கே தர்மபுரிக்கு ஒரு லோடு போய்த் திரும்பினேன். ஐம்பது கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கடைக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் பூஜை போட்ட அன்றே சக்கரத்தில் ஸ்பேனரை வைத்து அந்தச் சந்தனத்தைச் சுரண்டுவதா? மனசு வரவில்லை. சோம்பலும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை மலை ஏறினேன். ஸ்டீயரிங்கில் லேசாக ஓர் ஆட்டம் தெரிந்தது. பெரிய டயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேலே புளி மூட்டைகளை ஏற்றி முடித்தபோது மத்தியானம். அன்று பஸ் வரவில்லை. அரூருக்குப் போக ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினேன். எல்லோரும் மூட்டைமேல் ஏறிவிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மட்டும் ஏறவில்லை. வலது முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, ஏறு. நேரமாவுதில்ல?" என்று அதட்டினேன்.

"அண்ணா, இங்க மட்டும் சந்தனம் திரும்பியிருக்குதுங்க."

"ரோட்டுல ஓடற வண்டிம்மா. பூசுனது அழியத்தான் செய்யும்."

"அழியலீங்க. நட்டு மேல இருக்கற கோடு ஒரு பக்கம், கீழ இருக்கறது ஒரு பக்கம் நிக்குது. மத்ததெல்லாம் நேராத்தான இருக்குது? நீங்க வந்து பாருங்க, அப்பறமா ஏறிக்கறன்."

மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எரிச்சலோடு இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

ஒரு நட்டில் விரலை வைத்துத் திருப்பினேன். திரும்பியது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கே திரும்பியது. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஆறில் மூன்று. கீழே இறங்கும் வளைவுகள் கண்முன் வந்து நின்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மூட்டைமேல் அத்தனை பேர். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள்.

ஸ்பேனரை எடுத்து இருபத்து நாலு நட்டையும் முடுக்கினேன். மனைவி வைத்த சந்தனமெல்லாம் உதிர்ந்து என் நகக்கண்ணில் ஏறியது. முடித்து நிமிர்ந்தால், அந்தப் பெண் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"இப்ப ஏறலாங்களாண்ணா?" என்றார். நான் சொன்னேனே பார்த்தீர்களா என்ற தொனி துளியும் இல்லை. மற்றவர்கள் மறுபடி மூட்டைமேல் ஏறிக்கொண்டார்கள். குழந்தையோடு அவரை முன்சீட்டில் உட்காரவைத்தேன். முதல் வளைவு தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. 

அரூரில் இறங்கியதும் அந்தப் பெண் கூட்டத்தோடு போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு மூட்டைமேல் ஆள் ஏற்றுவதில்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதெல்லாம், முடுக்கிய கையோடு நட்டிலிருந்து டிஸ்க் வரை நானே ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். சந்தனம் இல்லாவிட்டால் சுண்ணாம்பு. எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று வண்டி ஸ்டாண்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். ஆனால் அந்தப் பள்ளத்தைவிட என்னை இன்றைக்கும் உறுத்துவது என் அதட்டல்தான். பஸ் இல்லாத அந்த மத்தியானத்தில், இந்த ஆளிடம் எதற்கு வம்பு என்று அவர் பேசாமல் ஏறியிருந்தால்? அதனால்தான் இப்போது யார் என் வண்டியைப் பற்றி எதைச் சொன்னாலும், இன்ஜினை அணைத்துவிட்டு முதலில் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.