ஒன்பதாவது கட்டத்தில் ஒரு மனைவி

விபத்தில் அடிபட்ட தொழிலாளி இன்னும் எத்தனை வருஷம் இருப்பார், அதுவரை அவர் வைத்தியத்துக்கு என்னென்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜோசியருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவர் வாக்கு பொய்த்தால் யாரும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

அதற்கு முன்னால் தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், எலும்பு வார்டில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். முட்டி தேய்ந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு மதிப்பீடு எழுதித் தரும் ஒரு ஆபீஸில் சேர்ந்துவிட்டேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் எல்லாம் என் ஏரியா. ஸ்கூட்டியில் போவேன். கம்பெனிக்காரர்கள் ‘மேடம்’ என்பார்கள். அடிபட்டவர்கள் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்து ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள்.

ஃபாரம் நிரப்பிச் சம்பளம் வாங்கும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் நம் கை சும்மா இருக்காது, எதையாவது எழுதும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு ஃபைலைப் பற்றி. ஏழுமலை என்ற ஃபிட்டருக்கு ஆயுசு முழுக்க ஒரு பராமரிப்பு ஆள் கிடைப்பாரா, அவர் மனைவி செல்வியின் வேலை தப்புமா என்பது என் பேனாவை நம்பி இருந்தது. நான் என்ன கிழித்தேன் என்று கேளுங்கள்.

பிஸ்கட்டோடு வந்த யோசனை

ஏழுமலை மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். ஷெட்டின் கூரையில் ஏறி ஒரு ஃபேனைச் சரிசெய்யப் போனவர், ஷீட் உடைந்து கீழே விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கையில் பாதி பலம்தான். வயசு முப்பத்து நாலு. சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டதால் கம்பெனி எடுத்திருந்த இன்ஷூரன்ஸ்தான் கதி.

எங்கள் ஃபாரத்தில் டியூப், ஏர் பெட், வீல்சேர், பிசியோதெரபி என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. ஒன்பதாவது கட்டம், ‘உதவியாள்’. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வெளியாளுக்குப் பணம் கிடையாது. ‘வீட்டு ஆள் போதும்’ என்று எழுதிவிட்டுத் தாண்டிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் எழுதினார், நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். அதில் யாரும் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

விபத்து நடந்த கம்பெனியில் விவரம் வாங்கப் போயிருந்தேன். ஹெச்.ஆர். பையன் நல்ல மாதிரி. டீ, க்ரீம் பிஸ்கட் எல்லாம் வந்தது. நான் ஒன்பதாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவனே உதவிக்கு வந்தான். “வூட்ல சம்சாரம் கீறாங்க இல்ல மேடம், அப்புறம் இன்னாத்துக்கு வெளியாளு?”

பளபளவென்று ஒரு வீடு

இருந்தாலும் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், அது விதி. போவதற்கு முன் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், அதுவும் விதி. சேரப்பணஞ்சேரியில் வீடு. போனேன். அப்பா, என்ன சுத்தம்! தரை துடைத்த ஈரம் காயவில்லை. கட்டிலில் மடிப்புக் கலையாத புதுப் போர்வை. எனக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்து வீட்டுப் பெயர் பெயின்டில் எழுதியிருந்தது. ஏழுமலைக்கு ஷேவ் பண்ணி, பவுடர் அடித்து, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி படுக்க வைத்திருந்தாள் செல்வி. போன் பார்ட்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை அவளுக்கு. சீக்கிரமே லைன் லீடர் ஆக்கப்போகிறார்கள் என்று ஏழுமலைதான் பெருமையாகச் சொன்னார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரைப் புரட்டிப் போட்டாள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், முதுகுக்குத் தலகாணி, முட்டிக்கு நடுவில் தலகாணி. நர்சிங் ஸ்கூலில் மூன்று வருஷம் படித்த பெண்கள்கூட இவ்வளவு நறுவிசாகச் செய்ய மாட்டார்கள். முதுகைப் பார்த்தேன். ஒரு புண் இல்லை. எனக்குள்ளே இருந்த பழைய நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். ஒன்பதாவது கட்டத்தில் ஒரு வாக்கியமே எழுதினேன்: ‘மனைவி மிகத் திறமையாகப் பராமரிக்கிறார், வெளியாள் தேவையில்லை.’ பாராட்டித்தான் எழுதினேன், சத்தியமாக.

கிளம்பும்போது, “எப்பம்மா இவ்வளவு வேலையும் செய்யற?” என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே, “நீங்க வர்றீங்கன்னுதான் சிஸ்டர் ரெண்டு நாளா லீவு போட்டுட்டேன்” என்றாள்.

எனக்குக் கைதட்டல்

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்ட வேண்டிய ஆளை, எட்டு மணி நேர ஷிஃப்டும் போகவர ரெண்டு மணி நேர பஸ்ஸும் உள்ள பெண் எப்படிப் புரட்டுவாள்? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. அவள் தந்த டீ நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மாதம் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் என் மதிப்பீட்டைத் திரையில் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் எழுதியதெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கேள்வியோடு திரும்பி வருமாம், என்னுடையது மட்டும் போன வேகத்தில் ஓகே ஆகிவிட்டதாம். எல்லோரும் தட்டினார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், சபையில் மாலை போட்ட மாதிரி. மேனேஜர் சொன்னார்: “ஒரு வரியில எவ்ளோ செலவைக் குறைச்சிருக்காங்க பாருங்க, இதுதான் அனுபவம்!”

கேன்டீனில் கேட்டது

நாலைந்து மாதம் போயிருக்கும். வேறொரு கேஸுக்காக, விரல் நசுங்கிய ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க, செல்வி வேலை செய்யும் கம்பெனிக்கே போக வேண்டி வந்தது. விபத்தைப் பார்த்த சாட்சி மஞ்சு என்ற பெண், செல்வியின் லைன்தான். கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். வந்த வேலை முடிந்ததும், “செல்வி எப்படி இருக்கா? லைன் லீடர் ஆயிட்டாளா?” என்று கேட்டேன். தெரிந்த முகம் ஆயிற்றே என்ற ஆசையில்தான் கேட்டேன்.

“செல்வியா? அவ நின்னுட்டா மேடம்” என்றாள் மஞ்சு. ஏழுமலைக்கு முதுகில் புண் வந்து சீழ் வைத்துவிட்டதாம். டாக்டர் செல்வியைப் பிடித்துத் திட்டினாராம். ஆள் வைக்க இன்ஷூரன்ஸில் பணம் கேட்டுப் பார்த்தார்களாம், இல்லை என்று காகிதம் வந்ததாம். லீடர் வேலைக்குப் பெயர் கொடுத்த அதே வாரம் அழுதுகொண்டே கணக்கை முடித்துக்கொண்டு போனாளாம்.

என் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. மெதுவாக அதைத் திருப்பிக்கொண்டேன். மஞ்சு அதைக் கவனிக்கவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எந்த மகராசியோ வூட்டுக்கு வந்து, பொண்டாட்டியே சூப்பரா பாத்துக்கினு கீறான்னு எழுதிக் குடுத்துட்டுப் போச்சாம் மேடம், அவ கை வெளங்குமா?”

போன் பண்ணாமல் போனேன்

அன்றைக்கு மத்தியானமே, விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு நானே வசவு. கதவு திறந்துதான் இருந்தது. புதுப் போர்வையும் இல்லை, சிவப்பு நாற்காலியும் இல்லை. டெட்டாலையும் மீறி அந்த நாற்றம். எலும்பு வார்டில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டினவளுக்கு அது என்ன நாற்றம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. செல்வி அவரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நறுவிசு போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பில் பழைய துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு புரட்டினாள். புரட்டி முடித்து நிமிர முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். என்னைப் பார்த்ததும் முதலில் வந்த வார்த்தை, “ஐயோ சிஸ்டர், சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா, வூடு கெடக்கற கோலம்!”

மாதாவே! அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். எழுதினது நான்தான், தப்பு என்னுடையதுதான் என்றேன். செல்வி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ போடத்தான். ஏழுமலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் அப்படியே சொன்னார்: “என் முதுகுக்கு ஃபாரத்துல ஒரு கட்டம் இருந்திச்சு. இவ முதுகுக்கு எந்தக் கட்டம் சிஸ்டர்?”

என் வாக்கியம் என்னையே மறித்தது

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஏழுமலைக்கும் கடைசி ஒப்பந்தம் கையெழுத்தாக மூன்று வாரம்தான் இருந்தது. கையெழுத்தாகிவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. உட்கார்ந்து திருத்த மதிப்பீடு எழுதினேன். அறிவித்துவிட்டுப் போனேன், லீவு போட்டுக் காத்திருந்தவளைப் பார்த்து ஏமாந்தேன், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, பகலில் பன்னிரண்டு மணி நேரம் ஆயுசு முழுக்க ஆள் தேவை. பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. கூடவே என் பழைய ஃபாரத்தின் ஜெராக்ஸ். ‘மிகத் திறமையாகப் பராமரிக்கிறார்’ என்ற இடத்தில் மஞ்சள் கோடு. இரண்டில் எது உண்மை என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் உண்மை, அதுதான் கஷ்டம் என்று பதில் எழுதினேன். புண்ணின் போட்டோ வைத்தேன், செல்வியின் முதுகு எக்ஸ்ரே வைத்தேன், தினமும் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் எடுத்த பெண்ணுக்கு என் குரல் மனப்பாடம் ஆகிவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: “நீங்க அன்னிக்குக் கொஞ்சம் மோசமா எழுதியிருந்தா இன்னிக்கு இவ்ளோ கஷ்டம் இல்லை மேடம்.”

ஒரகடம் கூட்ரோடில்

கையெழுத்துக்கு ரெண்டு நாள் முன்னால் ஓகே ஆனது. பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஆள், ஆயுசு முழுக்க. படப்பையில் ஒரு ஏஜென்ஸி அனுப்பும். நானே போய்ச் சொன்னேன், ஸ்வீட் பாக்கெட்டோடு. ஏழுமலைக்குக் கண்ணில் தண்ணீர். செல்வி மறுநாளே பழைய கம்பெனி கேட்டுக்கு ஓடினாள். நின்றவர்களைத் திரும்ப எடுப்பதில்லை, இப்போது படிப்பை முடித்துவிட்டு வரும் சின்னப் பெண்களைத்தான் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். இன்னும் நாலைந்து கம்பெனி ஏறி இறங்கினாள், எல்லா இடத்திலும் அதே பதில். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை, ஏழுமலைதான் போனில் சொன்னார். அந்தக் கட்டத்தை முதலிலேயே ஒழுங்காக எழுதியிருந்தால் அவள் இன்றைக்கு லைன் லீடர். இதைத் திருத்த எந்த ஃபாரமும் எங்கள் ஆபீஸில் கிடையாது.

போன மாதம் ஒருநாள் காலையில் ஒரகடம் கூட்ரோடில் சிக்னலுக்கு நின்றேன். பஸ் ஸ்டாப்பில் செல்வி. ஊதா கோட்டு, கையில் டிபன் பை. அதே படப்பை ஏஜென்ஸியில் சேர்ந்துவிட்டாளாம். மறைமலை நகரில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உன் வீட்டுக்காரரை நீயே பார்த்துக்கொள்ள ஏஜென்ஸியில் கேட்கலாமே என்றேன். கேட்டாளாம். குடும்பத்து ஆளுக்குச் சம்பளம் தரமாட்டார்களாம், விதியாம். அதனால் அவள் வீட்டுக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வருகிறாள், இவள் மறைமலை நகருக்குப் பஸ் ஏறிப் போகிறாள். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெல்ட் போட்டிருக்கிறேன் என்று கோட்டைத் தட்டிக் காட்டினாள். பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்: “அதே தலகாணி, அதே புரட்டல்தான் சிஸ்டர். அங்க செஞ்சா ஸ்டாஃபு, வூட்ல செஞ்சா பொண்டாட்டி.”

இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இந்தத் தொழிலில் அடுத்தவர் வீட்டுப் பெண்ணைப் பாராட்டுவதைவிட மலிவான வைத்தியம் வேறு கிடையாது, அதை நான்தான் வாய் நிறைய எழுதிக் கொடுத்தேன்.